வண்டிக்குள் அழுத பாப்பா

போன மார்கழியில் நடந்தது இது. எங்கள் வீடு திருவொற்றியூரில். நான் வேலை பார்க்கும் அலுவலகம் ராயபுரத்தில், துறைமுகத்துக்குப் பக்கத்தில். அடுத்த தெருவிலேயே ஒரு குழந்தைகள் காப்பகம் இருப்பதால், நான்கு வயது மகளையும் ஏற்றிக்கொண்டு தினமும் காலையில் எங்கள் பழைய காரில் கடலோரச் சாலை வழியாகப் போவேன். அந்தச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஓட்டுவது எனக்கு எப்போதுமே பயம். பின்னால் ஒரு லாரி நெருங்கி வந்துவிட்டால் கண்ணாடி முழுக்க அதன் முகம்தான் தெரியும்.

அந்தச் சத்தத்தை முதன்முதலில் கேட்டது மூலக்கொத்தளத்தில். கணவரின் உறவினர் ஒருவர் இறந்துபோய், அங்கேதான் அடக்கம். கணவர் உள்ளே போயிருந்தார். மகள் தூங்கிவிட்டதால் நான் மயானத்துச் சுவருக்கு வெளியே காரிலேயே உட்கார்ந்திருந்தேன். மழை விட்டு ஊரே நனைந்து கிடந்த சாயங்காலம். அவர் திரும்பி வந்து வண்டியைக் கிளப்பியதும் முன்பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. பிறந்து சில நாளே ஆன குழந்தை மூச்சை இழுத்து இழுத்து அழுவதைப் போல இருந்தது. நான் சட்டென்று பின்னால் திரும்பினேன். மகள் விழித்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பாப்பா அழுவுது” என்றாள்.

கணவர் சிரித்தார். “பழைய வண்டின்னா கத்தத்தான் செய்யும். உனக்கு பயப்படறதுக்கு ஒரு சாக்கு கிடைச்சிடுச்சு” என்றார்.

அதன்பிறகு காலையில் சாவியைத் திருப்பினாலே அந்த அழுகைதான். பனி அதிகமான நாட்களில் இன்னும் தெளிவாகக் கேட்கும். மகள் அதோடு பேசவே ஆரம்பித்துவிட்டாள். “அழாத பாப்பா, ஸ்கூல் வந்துடும்” என்பாள். அவள் அப்படிச் சொல்லும்போதெல்லாம் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்ப்பேன். குழந்தை விளையாடுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அடுத்த நிமிடமே, விளையாட்டுத்தானா என்ற சந்தேகம் வந்துவிடும்.

டோல்கேட் பகுதியில் எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோனேன். வாய் ஓயாமல் பேசுகிற மனிதர். பானெட்டைத் திறந்து, இன்ஜினின் பக்கவாட்டில் ஓடும் கறுப்பு பெல்ட்டைக் கழற்றி வளைத்துக் காட்டினார். உள்பக்கம் முழுக்க வெடிப்பு. இன்ஜின் சுற்றும்போது இந்த பெல்ட்தான் பேட்டரிக்குக் கரண்ட் தருவதையும், சூட்டைத் தணிக்கும் தண்ணீரை ஓட்டுவதையும், ஸ்டீயரிங்கை லேசாக்குவதையும் சேர்த்துச் சுழற்றுகிறதாம்.

“இது ஓடற சக்கரத்தையும் ஒருதரம் பாத்துடுங்களேன்” என்றேன்.

“புல்லியா? அதுலாம் கல்லு மாதிரி கீதும்மா. பெல்ட்டு தேஞ்சிச்சு, அது கத்துது. புதுசு போட்டா கப்சிப்பு. நீ பேஜாராவாத” என்று மாற்றிக் கொடுத்தார்.

சில நாள் சத்தமில்லை. அப்புறம் ஒரு காலையில் மறுபடியும் அதே அழுகை. புது பெல்ட்டும் அழுதால் என்ன அர்த்தம்? மெக்கானிக்கிடம் திரும்பப் போகக் கூச்சமாக இருந்தது. எல்லாவற்றுக்கும் பதறுகிறவள் என்று வீட்டில் ஏற்கெனவே பேர் வாங்கியாயிற்று. கடையிலும் வாங்க வேண்டுமா என்று தோன்றியது.

அந்தச் சமயத்தில்தான் கீழ் வீட்டு அக்கா விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். என்னைவிடப் பத்து வயது பெரியவர், மீன் ஏலத்துக்குப் போய் வருகிறவர்.

“மொத மொத எங்க கத்துச்சு?”

சொன்னேன்.

“சுடுகாட்டாண்ட புள்ளய வச்சிகினு உக்காந்துகினு இருந்தியா? இன்னாம்மா, படிச்சிக்கீற, இதுகூடவா தெரியாது? எதுவோ கூடவே ஏறிகினு வந்துக்கீது.”

மறுநாள் விடியற்காலையில் ஒரு சொம்பில் மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையுமாக வந்து நின்றார். வண்டியின் முன்னால் எலுமிச்சம்பழம் நறுக்கி, கற்பூரம் சுற்றி, வண்டியைக் கிளப்பச் சொல்லி, அழுகை எங்கிருந்து வருகிறது என்று காதைக் கொடுத்துக் கேட்டு, பானெட்டைத் திறக்கச் சொல்லி அங்கேயே தண்ணீரை ஊற்றினார்.

அழுகை நின்றுவிட்டது. குழந்தையின் வாயில் பால் வைத்ததுபோல் அப்படியே நின்றது. அக்கா என்னைப் பார்த்து, “இன்னா, இப்ப சொல்லு” என்றார்.

இரண்டொரு நாளில் மறுபடி கேட்டது. மறுபடி ஊற்றினார். மறுபடி நின்றது. அப்படியே வழக்கமாகிவிட்டது. “நீயும் சேர்ந்துட்டியா” என்று கணவர் கேலி செய்தார். நான் நம்பினேனா, நம்பவில்லையா என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியாது. சத்தம் நின்றால் போதும் என்றிருந்தது.

ஒருநாள் காலையிலும் அக்கா தண்ணீர் ஊற்றித்தான் அனுப்பினார். ஆனால் வண்டி கடலோரச் சாலைக்கு வருவதற்குள் அழுகை திரும்பிவிட்டது. முன்னெப்போதும் இல்லாத அளவுக்குப் பெரிய அழுகை. கடல் மேல் பனி மூடியிருந்தது. எண்ணூர்ப் பக்கத்துப் புகையும் அதில் கலந்து, முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்கைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. பின்னால் ஒரு டிரெய்லர் ஒட்டிக்கொண்டே வந்தது.

திடீரென்று அழுகை நின்றது. தண்ணீர் ஊற்றவில்லை, வண்டியை அணைக்கவில்லை. தானாக நின்றது.

அப்பாடா என்று இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்த அமைதி அழுகையைவிடப் பயமாக இருந்தது. பின் இருக்கையிலிருந்து மகள் மெதுவாகச் சொன்னாள்:

“அம்மா, பாப்பாவுக்கு மூச்சு வரல.”

நான் யோசிக்கவே இல்லை. எப்போதும் ஒன்றுக்கு நான்கு தடவை யோசிக்கிறவள், இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு இடப்பக்கம் ஒடித்தேன். மீன் படகுகளை இழுத்து வைக்கும் மண்மேடு ஒன்று அங்கே இருந்தது. அதில் ஏறி வண்டி ஊர்ந்துகொண்டிருக்கும்போதே பானெட்டுக்குள் சாட்டையால் அடித்ததுபோல் ஒரு சத்தம். ஸ்டீயரிங் என் கையில் கல்லாக இறுகியது. முழு பலத்தையும் போட்டுத் திருப்பியும் கொஞ்சம்தான் அசைந்தது. பிரேக்கை மிதித்தேன். கடலோரக் கருங்கற்களுக்குச் சற்று முன்னால் வண்டி நின்றது. பின்னால் வந்த டிரெய்லர் ஹாரனை அழுத்தியபடி எங்களைக் கடந்து, சாலை வலப்பக்கம் வளையும் இடத்தில் பனிக்குள் மறைந்தது. அந்த வளைவில் ஸ்டீயரிங் இறுகியிருந்தால் நேராகக் கருங்கற்கள் மேல்தான் போயிருப்போம்.

மகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். ரப்பர் கருகிய நாற்றம். அவள் அழவில்லை. “பாப்பா போயிடுச்சு” என்று மட்டும் சொன்னாள்.

போன் செய்ததும் கணவர் மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு வந்தார். மெக்கானிக் பானெட்டைத் திறந்து, அறுந்துபோன புது பெல்ட்டை உருவி எடுத்தார். பிறகு உள்ளே கையை விட்டு ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றப் பார்த்தார். அது அசையவில்லை. கழற்றி எடுத்தால் முழுக்கத் துரு, துருவின் மேல் மஞ்சள்.

“இன்னாம்மா இது, மஞ்சாவா கீது?”

அக்கா செய்ததைச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“புல்லி உள்ள கீற பேரிங்க குளிப்பாட்டி வுட்டுக்கீறீங்க. புல்லி கோணலா ஓடிச்சின்னா பெல்ட்டு கத்தும். தண்ணி பட்டா அப்பத்திக்கு அடங்கும். உள்ள இருந்த கிரீஸ் கரைஞ்சி போயி, துரு புட்சி, இறுகிப்போச்சு.” பிறகு தாழ்ந்த குரலில், “நீ அன்னிக்கே சொன்ன. நான்தான் சுத்திப் பாக்காம வுட்டேன்” என்றார்.

கணவர் மகளை என்னிடமிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

எனக்கு ஒன்று மட்டும் கேட்க வேண்டியிருந்தது. “அறுந்து போறதுக்கு முன்னாடி சத்தம் ஏன் நின்னுச்சு?”

அந்தச் சக்கரத்தைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நிக்கக் கூடாது. புல்லி இறுகிச்சின்னா இன்னும் கூவத்தான் செய்யும், தெருவே திரும்பிப் பாக்கும். ஏன் நின்னுச்சின்னு எனக்கே தெர்லம்மா” என்றார். வாய் ஓயாத அந்த மனிதர் வண்டியைக் கடைக்கு இழுத்துப்போய் நேராக வேலையில் இறங்கினார். இந்த முறை நான் பக்கத்திலேயே நின்றுகொண்டேன். எல்லாப் புல்லிகளையும் மாற்றி, ஒவ்வொன்றையும் என் கையாலேயே சுற்றிப் பார்க்கச் சொல்லி, அதன்பின்தான் பெல்ட்டைப் போட்டார்.

அக்கா மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. “நான் தண்ணி ஊத்தினதாலதான் புள்ள பொழச்சிது” என்கிறார். நான் எதிர்த்துப் பேசுவதில்லை. ஆனால் பானெட் பக்கம் சொம்போடு யாரையும் விடுவதும் இல்லை.

வண்டி இப்போது அழுவதில்லை. ஆனாலும் அந்த மண்மேட்டைத் தாண்டும்போது மகள் கண்ணாடி வழியாகக் கடலைப் பார்த்துக் கையசைப்பாள். யாருக்கு என்று நான் கேட்டதில்லை. தினமும் காலையில் வண்டியைக் கிளப்பிவிட்டு, ஏசியையும் பாட்டையும் அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்கிறேன். பயந்தவள் என்று யார் சொன்னாலும் சொல்லட்டும், அந்த அமைதி நல்ல அமைதிதான் என்று எனக்கே தெரிந்த பிறகுதான் என் கால் கிளட்சிலிருந்து எழுகிறது.