இடுப்பில் முடிந்த பீங்கான்

கொளஞ்சியம்மாளுக்கு விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறை ஒன்றில் வேலை. ஃபியூஸ் கட்டைகளுக்குப் பிசிறு எடுப்பாள். சூளையில் விரிசல் விட்டவை வாசலில் குவிந்து கிடக்கும். கதவுக்கு முட்டுக்கொடுக்க ஆளாளுக்கு எடுத்துப்போவார்கள்.

மூத்தவள் கனகாவுக்குத் தலைப்பிள்ளை ஆப்பரேஷனில் பிறந்தது. இன்றைக்கும் ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் அடிவயிற்றைப் பிடித்துக்கொள்வாள். பிள்ளை பெருத்ததுதான் காரணம் என்று கொளஞ்சியம்மாளே முடிவுகட்டிக்கொண்டாள். வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு வந்த சின்னவள் பூங்கோதைக்கு ராத்திரியில் ஒற்றைத் தோசைதான்.

"பசிக்குதும்மா."

"தண்ணியக் குடிச்சிட்டுப் படு. புள்ள சின்னதா இருந்தாத்தான் சுகமா வெளிய வரும்."

போன மாதம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் கயல்விழி நிறுத்தபோது பூங்கோதையின் எடை கூடவே இல்லை. "அடுத்த தடவையும் இப்பிடியே இருந்தா பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிடுவேன்" என்றாள். பெரிய ஆஸ்பத்திரி என்றால் கொளஞ்சியம்மாளுக்குக் கத்திதான். இந்த முறை கிளம்பும்போது, விரிசல் கட்டைகளைத் துணியில் சுற்றி மகளின் இடுப்பில் முடிந்துவிட்டாள்.

எடை மெஷினில் முள் ஏறியது.

"பரவால்லியே. அம்மா நல்லா கவனிக்கிறாங்க போலருக்குது" என்றாள் கயல்விழி. பூங்கோதை தரையைப் பார்த்தாள்.

வாசலுக்கு வந்ததும் முடிச்சை அவிழ்த்து அம்மா கையில் வைத்தாள். "இந்தா, ஒம் பேரப்புள்ள."

சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. கொளஞ்சியம்மாளுக்குக் கை கனத்தது. மகளை இழுத்துக்கொண்டு திரும்ப உள்ளே போய் மூட்டையை மேசைமேல் பிரித்தாள்.

"இன்னொரு தடவ நிறுத்துப் பாருங்க நர்சம்மா. நாந்தான் சோறு கம்மியாப் போட்டேன். ஆப்பரேஷன் வந்துடுமோன்னு."

கயல்விழி கட்டைகளைப் பார்த்தாள். "தாயி தேறாம புள்ள எப்பிடிம்மா தேறும்? எளச்ச புள்ளைக்குத்தான் ஆபத்து ஜாஸ்தி. பெரியவளுக்கு எதுக்கு ஆப்பரேஷன் பண்ணாங்கன்னு கேட்டீங்களா?"

கேட்டதில்லை.

கயல்விழி வயிற்றை டேப் வைத்து அளந்தாள். "கொஞ்சம் சின்னதாத்தான் தெரியுது. நாளைக்கே ஸ்கேன் எடுத்துடுங்க. மொதல்ல வயிறாரப் போடுங்க."

பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் பூங்கோதை இட்லி தின்றாள். இலை காலியானதும் சர்வரைப் பார்த்து, "இன்னும் ரெண்டு இட்லி" என்றாள்.

போதும் என்று சொல்லக் கொளஞ்சியம்மாளின் கை தானாக எழுந்தது. அதை மேசைக்கடியில் இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.