பேரம் படியாத படகு

பேரம் பேசுவது எங்கள் வீட்டில் இரண்டு பேர் நடிக்கும் நாடகம். பொருளைப் பார்த்து வாயைப் பிளப்பது என் வேஷம். மூக்கைச் சுளித்து, "வேணாங்க, வாங்க போலாம்" என்று கையைப் பிடித்து இழுப்பது என் மனைவியின் வேஷம். விற்பவர் சீனராகவோ மலாய்க்காரராகவோ இருந்துவிட்டால் இன்னும் வசதி. முகம் வேண்டாம் என்று காட்டும்போதே வாய் தமிழில் உண்மையைச் சொல்லிவிடலாம். "நல்ல சாமான்தான், விட்றாதீங்க" என்று என்னைத் திட்டுகிற தொனியில் சொல்வாள். விற்பவர் மிரண்டுபோய் விலையை இறக்குவார். எங்கள் சோபாவும் காரும் அப்படி வந்தவைதான்.

படகையும் அப்படியே வாங்கிவிடலாம் என்று நினைத்தோம்.

எங்களிடம் முன்பு ஒரு சின்னப் பாய்மரப் படகு இருந்தது. ஞாயிற்றுக்கிழமையானால் இருவரும் அதில்தான். அதில் உட்கார வழியில்லை, குந்தத்தான் வேண்டும். காற்று மாறும்போதெல்லாம் பாயின் கீழ்க்கட்டை மண்டையில் அடிக்காமல் குனிந்து பக்கம் மாற வேண்டும். அவளுக்கு முட்டியில் ஆப்பரேஷன் ஆன பிறகு அது நடக்கிற காரியமில்லை. அவள் கரையோடு நின்றுவிட்டாள். நான் தனியாகப் போய் வந்தேன். போய் வந்தேன் என்பதோடு சரி. பேச்சுத்துணை இல்லாத கடல் எனக்குச் சலித்துப்போனது. மறுபடி வருவாயா என்று கேட்டால், "பாக்கலாம், பாக்கலாம்" என்பாள். அந்தப் பதிலைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் சின்னதை விற்றுவிட்டு, அவள் கால் நீட்டி உட்காரக்கூடிய பெரிய படகாகத் தேட ஆரம்பித்தேன். பழசானாலும் பரவாயில்லை. உள்ளே படுக்கை அறை வேண்டாம். சாயங்காலம் வீட்டுக்கு வந்து சோறு தின்கிறவர்கள் நாங்கள். நீளமான இருக்கை போதும். ஆனால் அழகாக இருக்க வேண்டும். நீண்ட மூக்கு, தாழ்ந்த இடுப்பு, ஓரமெல்லாம் மரம் என்று அந்தக் காலத்துச் சாயல் வேண்டும். கையிலிருந்த காசுக்கு இந்த ஆசை கொஞ்சம் கூடுதல்தான்.

முதலில் பார்த்தது முழுக்க மரத்தால் ஆனது. நாங்கள் குடியிருக்கும் தீவின் தெற்கே ஒரு பட்டறையில் வார்னிஷ் மினுமினுக்க நின்றது. பார்த்த மாத்திரத்தில் நான் மயங்கிவிட்டேன். என் மனைவி தொழிற்சாலையில் தரம் பார்ப்பவள். குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்குகிறவள். துப்பட்டாவில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, அடிப்பலகையில் பெயின்ட் உப்பியிருந்த இடத்தில் குத்தினாள். ஊக்கு முழுசாக உள்ளே போனது.

"இத வாங்கினா மாசா மாசம் உங்க சம்பளம் இதுக்குத்தான்," என்றாள். வீடு வரும் வரை நான் அவளோடு பேசவில்லை.

இரண்டாவது கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த் பக்கம். ஃபைபர்கிளாஸ், நல்ல உறுதி, விலையும் மலிவு. அவளுக்குச் சம்மதம்தான். ஆனால் பார்வைக்கு, பிரிட்ஜைப் படுக்கப்போட்டு அதன்மேல் பாய் கட்டினாற்போல் இருந்தது.

"இதுல போறதுக்கு ஃபெர்ரியிலயே போலாம் லா," என்றேன். இந்த முறை அவள் என்னோடு பேசவில்லை.

மூன்றாவது படகு பத்து காவான் என்ற ஊரில், கடலுக்குள் நீண்ட ஒரு ஜெட்டிப் பாலத்தில் கட்டிக் கிடந்தது. விற்பவர் எழுபதை நெருங்கிய ஒரு சீன அங்கிள். போனில் மலாயில்தான் பேசிக்கொண்டோம். படகின் உடம்பு ஃபைபர்கிளாஸ், அழுகாது. மேலே ஓரமும் இருக்கையும் சுக்கான் பிடியும் தேக்கு. அடியில் கனமான ஈயக் கட்டை, சுலபத்தில் கவிழாது. சிவப்புப் பாய் வெளுத்துச் செங்கல் நிறமாகியிருந்தது. அங்கங்கே தைத்தால் இன்னும் சில வருஷம் தாங்கும். மூக்கிலிருந்து பின்பக்கம் வரை ஒரே வளைவு. எனக்கு நடிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் வாய் தானாகப் பிளந்தது.

அவள் வழக்கம்போல் மூக்கைச் சுளித்தபடி அங்குமிங்கும் தட்டிப் பார்த்தாள். தண்ணீர் வற்றும் நேரத்தில் படகுக்குள் எப்படி இறங்குவது என்று மலாயில் கேட்டாள். ஜெட்டியை ஒட்டி மிதந்த மேடையை அங்கிள் காட்டினார். தண்ணீரோடு அதுவும் ஏறி இறங்குமாம். அவள் கம்பியைப் பிடித்து மெல்லப் படகுக்குள் இறங்கினாள். இருக்கையில் உட்கார்ந்து ஆப்பரேஷன் செய்த காலை நீட்டினாள். கால் முழுசாக நீண்டது. 

அங்கிள் விலையைச் சொன்னார். நாங்கள் ஒதுக்கி வைத்திருந்த பணம் மொத்தமும் அதற்கே சரியாகப் போய்விடும்.

"மாஹால் லா, அங்கிள்," விலை அதிகம் என்று மலாயில் சொல்லி, கட்டுப்படியாகாத முகத்தோடு தலையை ஆட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பி, அதே சிடுசிடுப்போடு தமிழில் ஆரம்பித்தாள்.

"என்னங்க, சிரிக்காம கேளுங்க. எனக்கு இதுதான் வேணும். கொறச்சாலும் சரி, கொறைக்காட்டியும் சரி. நாலு வருஷமா கரையில நின்னு உங்களுக்குக் கை காட்டிட்டேன். இனிமே என்னால முடியாது. நானும் வரணும்."

நான் என் வேஷத்தை மறந்துவிட்டேன். பேரமாவது ஒன்றாவது! அவளுக்கும் இத்தனை நாள் ஆசை இருந்திருக்கிறது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, சிரிப்பும் வந்தது.

அங்கிள் குனிந்து கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"கை காட்டுனது போதும், தங்கச்சி," என்றார் நல்ல தமிழில். "நல்லா உக்காருங்க, ஒரு சுத்து போயிட்டு வருவோம். ஆனா வெலைய மட்டும் கொறைக்க மாட்டேன் லா."

பத்து காவான் தோட்டமாக இருந்த காலத்தில் அங்கேயே பிறந்து வளர்ந்தவராம். லயத்தில் குடியிருந்த தமிழ்த் தொழிலாளர் பிள்ளைகளோடு விளையாடிக் கற்ற தமிழ். அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவர் கேட்ட விலைக்கே நான் தலையாட்டினேன். எங்கள் குடும்பத்தில் அப்படி ஒன்று நடந்ததே இல்லை.

அங்கிளும் ஏறிக்கொண்டார். பாய் காற்றை வாங்கியதும் படகு லேசாகச் சாய்ந்து ஓடத் தொடங்கியது. "தள்ளி உக்காருங்க," என்று என்னை நகர்த்திவிட்டுச் சுக்கான் பிடியை அவளே வாங்கிக்கொண்டாள். நான் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். கரையில் எங்களுக்குக் கை காட்ட ஒருவரும் இல்லை.