போக்கும் வரத்தும்

இப்போது கம்பெனி பஸ்கள் வரிசையாக நிற்கிற வல்லம் பக்கத்தில், 1991இல் எங்களுக்கு ஏரியும் அதன் கீழே நெல் வயலும் இருந்தன. அந்த ஐப்பசியில் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தது. கலங்கல் என்றால், மிச்சத் தண்ணீர் தாண்டிப் போகும் கல் சுவர். தாண்டிய தண்ணீர் ஓடுவதற்குப் போக்குக் கால்வாய் என்று பெயர். போவதென்றால் வீண்தானே பிள்ளைகளே? நாங்கள் நான்கு பேர் கலங்கல்மேல் மணல் மூட்டை அடுக்கினோம். முதல் மூட்டை என்னுடையது.

மூன்றாம் நாள் உங்கள் மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், கீழ் ஊரிலிருந்து சைக்கிளில் வந்தார்.

"எங்க வூட்டுப் பொண்ணக் கட்டிக்கினு வந்த, சரி. தண்ணியையும் கட்டிப் போட்டா எப்பிடி மாப்ள? எங்க ஏரியில மதகுகூட நனையல. நாத்து முத்திக்கினு கீது."

"அது வீணாப் போற தண்ணி மச்சான். போக்குக் கால்வா."

"உனக்குப் போக்கு. எங்க ஊர்ல அதே கால்வாய்க்கு இன்னா பேரு தெரியுமா? வரத்துக் கால்வா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எட்டாவது படிக்கும்போது கடல், மேகம், மழை, ஆறு, மறுபடி கடல் என்று வட்டமாக அம்புக்குறி போட்டு மார்க் வாங்கியவன் நான். அதில் ஓர் அம்புக்குறியின் மேலேயே மூட்டை அடுக்கியிருக்கிறேன். எங்கள் ஏரிக்கு வந்ததுகூட மேல் ஊரின் போக்குதானே.

கூட்டாளிகளைக் கூப்பிட்டேன். "மச்சான் அதட்டுனா ஏரியே நடுங்குதுபா" என்று சிரித்துக்கொண்டே ஒருவர் இறங்கினார். மூட்டைகளைத் தள்ளியதும் தண்ணீர் பாய்ந்த சத்தம் இருக்கிறதே, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

நானும் மச்சானும் கரையோரமாகத் தண்ணீரோடு ஓடினோம். நுரையும் சருகும் முன்னால் போயின; நண்டுகள் தப்பிக் கரை ஏறின. செங்கல் லாரி போவதற்காக யாரோ கால்வாயில் கொட்டியிருந்த மண்ணில் தண்ணீர் முட்டி நின்றுவிட்டது. பக்கத்து வயலில் மண்வெட்டி வாங்கி மாறி மாறி வெட்டினோம். மண் பிளந்துகொண்டு போனபோது மச்சான் வேட்டி நனைந்ததையும் பார்க்காமல் கீழ் ஏரிவரை ஓடினார். கரையில் நின்றவர்களிடம், "வரத்து வந்துச்சிபா" என்றார்.

அதிலிருந்து நான்காம் நாள் கீழ் ஏரியில் தண்ணீர் மதகைத் தொட்டது. மறுநாள் நடவு. அந்தி சாயும்வரை நானும் அவர் வயலில் நாற்றுக்கட்டு வீசிக்கொண்டிருந்தேன்.