அரைக்கிலோ கடையின் ஆணிகள்

அந்தக் கடைக்கு ஒரு காலத்தில் பெயர்ப்பலகை இருந்தது. முதலில் எழுத்துகளை வெயில் தின்றது, பிறகு பலகையைக் கரையான் தின்றது. யாருக்கும் நஷ்டமில்லை. ஊரில் எல்லாருக்கும் அது அரைக்கிலோ கடைதான். ஒரு கிலோ சர்க்கரை கேட்டால் கடைக்காரர் தராசைப் பார்க்கமாட்டார், ஆளைப் பார்ப்பார். "அரைக்கிலோ போதுமே? மீதிக்கு நாளைக்கு வாயேன்" என்பார். நாளைக்கும் அந்த முகம் வரவேண்டும், அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த வியாபார தந்திரம். அதனால் அவருக்கும் அரைக்கிலோ என்றே பெயர் வந்தது. உடம்பும் அதற்கு ஒத்துழைத்தது.

கல்குவாரி திறந்த வருஷம் அவருடைய அப்பா ஒரு பீப்பாய் மண்ணெண்ணெயும் ஒரு கட்டுத் தீப்பெட்டியுமாகத் தொடங்கிய கடை அது. குவாரியைச் சுற்றி ஐம்பத்திரண்டு வீடுகள் முளைத்தன. ஆணி, கயிறு, சோப்பு, குடை, சட்டைப் பட்டன், தலைவலி மாத்திரை என்று கடையும் வீங்கிக்கொண்டே போனது. ஆறு வருஷத்துக்கு முன்னால் குவாரிக் குழியில் தண்ணீர் ஊறி வேலை நின்றது. பிழைப்பு போன பிறகு கல்லையா மெல்ல முடியும்? ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பியது.

கிளம்பியவர்கள் கடை வாசலில்தான் பஸ்ஸுக்கு நிற்பார்கள். பஸ் ஹாரன் கேட்டதும் வீட்டுச் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு, "ஒரு மாசத்துல வந்துடுவோம் அண்ணே" என்பார்கள். எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி அதே ஒரு மாசம்தான். அவரும் சுவரில் ஒரு ஆணி அடித்து மாட்டி, கீழே சாக்பீஸால் யார் வீடு என்று எழுதிவைப்பார். இப்படியே நாற்பத்தொரு ஆணி ஆனது.

நாற்பத்தொன்றாவது சாவி சொந்த மகனுடையது. அவன் மட்டும் ஒரு மாசம் என்று பொய் சொல்லவில்லை. "நீங்களும் வந்துடுங்கப்பா" என்றான்.

"சாவியெல்லாம் யாருடா பாத்துக்கிறது?"

மகன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்புக்குப் பிறகு இருவரும் போனில் மழையைப் பற்றி மட்டும்தான் பேசினார்கள்.

ஒரு திங்கட்கிழமை பஸ் டிரைவர் சரக்கு மூட்டையை மேலிருந்து இறக்கிக்கொண்டே குண்டைப் போட்டார். "அண்ணே, நாப்பது வீட்டுக்குக் கீழ இருந்தா பஸ்ஸ நிறுத்திடுவாங்களாம். புதன்கிழமை எண்ண வர்றாங்க."

பஸ் நின்றால் சரக்கு வராது. சரக்கு வராவிட்டால் கடை இல்லை. கடை இல்லாவிட்டால் அந்தச் சாவிகள் தொங்க இடமில்லை. குடியிருந்தது பதினொரு வீடு. அரைக்கிலோ சுவரைப் பார்த்தார். நாற்பத்தொரு வீடும் அவர் கைக்கெட்டும் தூரத்தில் தொங்கின.

"ஏங்க, உங்களுக்குப் புத்தி பிசகிடுச்சா?" என்றாள் மனைவி, விஷயம் கேட்டதும்.

"வீட்டைத் திறந்து கொடில நாலு துணியக் காயப் போட்டா ஆள் இருக்கிற மாதிரிதானே?"

"ஊரே சேந்து ஒரே நாள்ல துவைக்குமா?"

"தண்ணி வந்த நாள்னு சொல்லிக்கலாம்."

கூட்டுக்கு ஒரே ஆள் வந்தார்: வெடிக்காரர். முப்பது வருஷம் குவாரியில் வெடி வைத்ததில் இரண்டு காதும் போய்விட்டது. அவரிடம் ரகசியம் சொல்வதென்றால் ஊருக்கே தண்டோரா போடவேண்டும். நல்லவேளை, கேட்க ஊரில் ஆளில்லை.

செவ்வாய்க்கிழமை முழுக்கப் பூட்டுகளோடு மல்லுக்கட்டு. துருப்பிடித்த பூட்டுக்கெல்லாம் கடை எண்ணெய். முதல் பத்து வீட்டில் கடையிலிருந்த நீலக்கட்டம் போட்ட துண்டுகளையே காயப்போட்டார். மனைவி இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள். "ஊரு மொத்தமும் ஒரே துண்டைக் கட்டிக்கிட்டா திரியுது? கழட்டுங்க." பிறகு அந்தந்த வீட்டுப் பெட்டியில் கிடந்த பழந்துணிகளையே உதறிப் போட்டார்கள். கரப்பான்பூச்சிகள் ஓடின.

தேவை இருபத்தொன்பது வீடு. அரைக்கிலோ முப்பத்திரண்டு வீட்டைத் திறந்தார். மூன்று கொசுறு. ஒவ்வொரு துவைகல்லிலும் ஒரு புதுச் சோப்பு வைத்தார். அதுவும் மஞ்சள் சோப்பு வாங்கிய வீட்டுக்கு மஞ்சள், சிவப்பு வாங்கிய வீட்டுக்குச் சிவப்பு.

"சோப்பையா எண்ணப்போறாங்க?" என்றாள் மனைவி.

அவர் மேட்டுவீட்டுக் கல்லுக்கு மட்டும் அரைச் சோப்பு வைத்தார். அந்த வீட்டு அம்மா எப்போதும் சோப்பைப் பாதியாக வெட்டித்தான் பயன்படுத்துவாள்.

மகன் வீட்டை அவள் இரண்டு தடவை பெருக்கினாள். கண்துடைப்புக்குப் போடுகிற வேஷத்துக்கு எதற்கு இரண்டு தடவை என்று அவரும் கேட்கவில்லை.

புதன்கிழமை பஸ்ஸில் வந்தவள் ஒரு சின்னப் பெண், கையில் அட்டை, காலில் புதுச் செருப்பு. தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கடைக்கு வந்து சோடா கேட்டாள்.

"துணியெல்லாம் காயுது, ஆளையே காணோமே?"

"எல்லாரும் வேலைக்குப் போயிருக்காங்கம்மா."

"இங்க என்ன வேலை?"

"குவாரில."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, மேட்டுப்பக்கமிருந்து 'டமார்' என்று ஒரு சத்தம். அந்தப் பெண் சோடாவைச் சட்டையில் கொட்டிக்கொண்டாள். வெடிக்காரர் காலி டிரம்மைச் சம்மட்டியால் அடித்த சத்தம் அது. இரண்டே அடி என்றுதான் பேச்சு. அவருக்குக் காது கேட்காததால் போதும் என்று யாரும் சொல்ல முடியவில்லை. பஸ் திரும்பிப் போன பிறகும் குவாரியில் வேலை மும்முரமாக நடந்தது.

"நாப்பத்தி மூணு வீடு. பரவாயில்ல, நிறைய பேர் இருக்கீங்க" என்று எழுதிக்கொண்டு போனாள் அந்தப் பெண்.

அன்று சாயங்காலம் துணிகளை எடுக்கப் போனவர் மகன் வீட்டுக் கொடியில் ஆடிய சட்டையை மட்டும் எடுக்கவில்லை. நாளைக்கு எடுக்கலாம் என்று விட்டுவிட்டார். மறுநாளும் அதையே சொன்னார்.

மூன்று வாரம் கழித்துப் பஸ் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. வெடிக்காரரும் மனைவியும் பார்த்திருக்க, அரைக்கிலோ அதை மனசுக்குள் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார்.

"என்ன போட்டிருக்கான்?" என்று வெடிக்காரர் உலுக்கினார்.

மெதுவாகச் சொன்னால் அவருக்குக் கேட்காது. தன் முட்டாள்தனத்தை அரைக்கிலோ தொண்டை கிழியக் கத்தவேண்டியிருந்தது.

"நாப்பத்தி மூணு வீடு இருந்தும் பஸ்ல நாலு பேர்தான் ஏறுறாங்களாம்! ஊருக்குப் பஸ் தேவையில்லையாம்! மாசக் கடைசியோட நிறுத்துறாங்களாம்!"

"அப்புறம்?"

"பதினஞ்சு வீட்டுக்குக் கீழ இருந்தா மட்டும் சின்ன வேன் விடுவாங்களாம்! வாரத்துக்கு மூணு நாள்! வாசலுக்கே!"

வெடிக்காரருக்கு இது நன்றாகவே கேட்டது. "நம்மதான் பதினொண்ணாச்சே" என்றார் சின்னக் குரலில்.

உண்மையைச் சொல்ல அரைக்கிலோ அலுவலகத்துக்கே போனார். மேஜைக்குப் பின்னாலிருந்தவர் தாளைத் திருப்பிக் காட்டினார். "எங்க ஆளு நேர்ல பாத்து எழுதினது பெரியவரே. சோப்பு வரைக்கும் குறிச்சிருக்காங்க பாருங்க." நிஜமாகவே குறித்திருந்தாள். *துவைகல்லில் புதுச் சோப்பு.*

அந்த மாசத்திலேயே மீதிப் பத்து வீடும் கிளம்பியது. பத்து புது ஆணி. கடைசியாக வெடிக்காரர் வந்து தன் சாவியைத் தானே மாட்டினார். "ஒரு மாசத்துல வந்துடுறேன் மாப்ளே" என்றார். தங்கச்சி வீட்டுக்குப் போனார். அரைக்கிலோ தலையை மட்டும் ஆட்டினார்.

கடைசி பஸ்ஸுக்கு நின்றது புருஷனும் பெண்டாட்டியும் மட்டும். பெட்டி இரண்டு, கொடியிலிருந்து எடுத்த சட்டை ஒன்று. ஐம்பத்திரண்டாவது ஆணியில் அவர் தன் வீட்டுச் சாவியை மாட்டி, கீழே சாக்பீஸால் 'கடைக்காரர்' என்று எழுதிவிட்டு வெளியே வந்தார்.

டிரைவர் எட்டிப் பார்த்தார். "அண்ணே, கடை தொறந்து கெடக்கு."

"தெரியும்பா. பூட்டிட்டா அந்தச் சாவிய யாருகிட்ட குடுக்கிறது?"

டிரைவர் என்ஜினை ஓடவிட்டபடியே கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாள் எல்லாவற்றையும் கேலி பேசியே ஓட்டிய மனைவி, பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து சட்டையை மடியில் வைத்து நாலாக மடித்தாள்.

"நீ வண்டிய எடுப்பா" என்றாள். "ஒரு மாசத்துல வந்துடுவோம்."