திறப்பு யாரிடம்?

வங்காலை மீனவர் அமிர்தநாயகம் யாரையும் இலேசில் நம்பமாட்டார். ஐஸ்காரன் சிரித்தால்கூட, ஐஸ் கரைந்துவிட்டதோ என்று பெட்டியைத் திறந்து பார்ப்பார். கரைவலை இழுக்க ஆள் போதாத நாட்களில் பக்கத்துக் கரை றெனால்டைக் கூப்பிடுவார். ஆனால் பொழுதுபடுவதற்குள் றெனால்டின் வள்ளம் தன் கரையைவிட்டுப் போய்விட வேண்டும். ஓர் இரவு தங்கிய வள்ளம் மறுநாள் உரிமை பேசும் என்பது அவர் பயம். ஊர் சிரித்தது. சிரிக்கட்டும். சண்டைக் காலத்தில் "கொஞ்ச நாளைக்கு" என்று வந்த இராணுவக் காவலரண் அதே கரையில் எத்தனை வருடம் கிடந்தது என்பது சிரித்தவர்களுக்கும் தெரியும்.

இந்த வருடம் அந்தக் கரையைக் கேட்டுக் கடற்படை அதிகாரி ஒருவர் வந்தார். கூடவே கறுப்புக் கண்ணாடி போட்ட வெளிநாட்டுக்காரர் ஒருவர். இரண்டு நாட்டுக்கும் பாதுகாப்பு ஒப்பந்தமாம். ராடார் கோபுரம் கட்டப்போகிறார்களாம். அக்கரையிலிருந்து வந்து மீனையும் வலையையும் அள்ளும் இழுவைப் படகுகள் இனிக் கிட்டவும் வராதாம். சம்மதக் கையெழுத்துத்தான் பாக்கி.

"எந்த நாடு?"

"நட்பு நாடு, ஐயா."

"பேர் சொல்லக் கூடாத நட்போ? சரி, வேலி வருமோ?"

"சின்ன வேலி."

"கேற்றுப் பூட்டின்ர திறப்பு ஆரிட்ட இருக்கும்?"

அதிகாரி வெளிநாட்டுக்காரரின் முகத்தைப் பார்த்தார். பிறகு, "கேட்டுச் சொல்றன்," என்றார். தன் நாட்டுக் கரையில் நின்றுகொண்டு இவர் யாரைக் கேட்கப் போகிறார்? அமிர்தநாயகத்துக்கு அப்போதே மனம் கோணிவிட்டது.

அடுத்த கிழமை, கடலில் விட்டிருந்த வலைகளை இழுவைப் படகுகள் வாரிக்கொண்டு போயின. மிஞ்சியது கரைவலை மட்டும். அதை இழுக்க அந்தக் கரையை விட்டால் வேறு இடமில்லை.

"உங்கட சந்தேகத்தையே காய்ச்சிக் குடிப்பமோ?" என்று வெடித்தாள் மனைவி பெற்றிசியா. "கோபுரம் நிண்டிருந்தால் வலை போயிருக்குமோ? கையெழுத்தை வச்சுக் குடுங்கோ."

அவள் சொல்வதிலும் பிழையில்லை. காவலும் வேண்டும், கரையும் வேண்டும். இரண்டையும் சேர்த்துத் தருகிறவன் எங்கே இருக்கிறான்? அதிகாரி மறுபடி தனியாக வந்தபோது, அமிர்தநாயகம் கையெழுத்து வைக்கப் பேனையை வாங்கினார்.

"ஐயா, அந்தத் திறப்பு விஷயம் கேட்டுட்டன்," என்றார் அதிகாரி. முகமெல்லாம் சிரிப்பு. "பிரச்சினையே இல்லை. எங்களுக்கும் ஒண்டு தருவாங்க."

அமிர்தநாயகம் பேனையை மூடி, அதிகாரியின் சட்டைப் பையிலேயே செருகிவிட்டார்.

"தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ, தம்பி. பொழுதுபட முதல்."