அளக்காத இடுப்பு

சோபனா வேலூர் சத்துவாச்சாரிக்காரி. நர்சிங் படித்துவிட்டு, உடம்புக் கொழுப்புக்கும் ரத்தக்கொதிப்புக்கும் உள்ள தொடர்பை ஆராயும் ஒரு கணக்கெடுப்பில் வேலை பார்த்தாள். ஆம்பூரில் வீடு வீடாகப் போய் எடை, இடுப்பளவு, பிரஷர் பார்த்துப் பதிய வேண்டும். நாளொன்றுக்குப் பன்னிரண்டு வீடு.

ஜனவரியில் ஒரு மதியம் நசீமுன்னிசாவின் வீட்டுக்குப் போனாள். நாற்பது வயது, ஷூ கம்பெனிக்கு வீட்டிலிருந்தே கைத்தையல் போடுகிறவர். குச்சிக் கைகள், ஒட்டிய கன்னம், எடை ஐம்பத்துமூன்று. ஆனால் பிரஷர் நூற்றைம்பத்தாறு. ஐந்து நிமிடம் உட்காரவைத்துப் பார்த்தும் இறங்கவில்லை.

"இன்னா சிஸ்டர், ஜாஸ்தியா?"

"ஜாஸ்திதான்க்கா. டாக்டரைப் பாருங்க. இப்ப இடுப்பு அளக்கணும், துப்பட்டாவ கொஞ்சம் தள்ளிக்கறீங்களா?"

பக்கத்து அறையில் கணவரின் தம்பி படுத்திருந்தார். நடுவில் கதவில்லை, திரைதான். நசீமுன்னிசா கூசிப்போனார்.

"வாணாம் சிஸ்டர். நான் ஒல்லிதானே? நீங்களே எதனா போட்டுக்குங்க."

இன்னும் நாலு வீடு பாக்கி. சோபனா எழுபத்துநாலு சென்டிமீட்டர் என்று போட்டாள்.

பிரஷரையும் இடுப்பளவையும் சேர்த்துப் பார்த்துத்தான் யாரை உடனே மறுபடி போய்ப் பார்ப்பது என்று பட்டியல் தயாராகும். அதில் நசீமுன்னிசாவின் பெயர் வரவில்லை.

ஏப்ரலில் இரண்டாம் சுற்று. மகள் அஃப்ஸர் ஜஹான் கதவைத் திறந்தாள். உள்ளே நசீமுன்னிசா சுவரில் சாய்ந்திருந்தார். இடது கை மடியில் துவண்டு கிடந்தது.

"நோன்பு ஆரம்பிச்ச மூணாம் நாள் விழுந்துட்டாங்கக்கா. மூளையில ரத்தக்கசிவாம்."

"டாக்டர்ட்ட போகவேயில்லையா?"

"ஒல்லியா இருக்கறவங்களுக்கு இதெல்லாம் வராதுன்னு அம்மாவே சொல்லிட்டாங்க. நீங்க திருப்பி வந்து சொல்லியிருந்தா போயிருப்பாங்க."

அந்தப் பெண் சாதாரணமாகத்தான் சொன்னாள். சோபனா பையிலிருந்து டேப்பை எடுத்தாள். மகள் தாங்கிப் பிடிக்க, இம்முறை நசீமுன்னிசா எழுந்து நின்றார். டேப் தொண்ணூற்றிரண்டு காட்டியது. கைகாலில் இல்லாத கொழுப்பெல்லாம் வயிற்றில் தங்கியிருந்தது.

சாயங்காலமே வேலூர் அலுவலகத்தில் மேலாளர் ஜெயகரன் முன்னால் நின்றாள்.

"நான் அளக்காமலே போட்டுட்டேன் சார். இந்த ஒரு வீடு இல்ல, மொத்தம் பதினோரு வீடு."

அவர் பேனாவை எடுத்து அந்த வீடுகளைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

"அளந்திருந்தா அவங்க இப்ப நல்லா இருந்திருப்பாங்களா சார்?"

"தெரியாதும்மா. மாத்திரையாவது ஆரம்பிச்சிருப்போம்."

வேலை போயிற்று. போவதற்குமுன் மீதிப் பத்து வீடுகளுக்கும் கூட வேலை பார்த்த இன்னொருத்தியோடு போய் அளந்து கொடுத்தாள். இரண்டு பேரை அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியிருந்தது.

நசீமுன்னிசாவிடம் மட்டும் உண்மையைச் சொல்லவில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை தெருமுனைவரை போய்த் திரும்பினாள். மூன்றாம் முறை உள்ளே போய், பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

நசீமுன்னிசா அவள் முகத்தையே பார்த்தார். பிறகு மகளைக் கூப்பிட்டு, குழறும் வாயால் மெதுவாகச் சொன்னார்:

"இவங்கள போகச் சொல்லு."