மைக்கில் சொல்லக் கூடாத பேர்

மைக்செட் தொழிலில் எனக்கு ரெண்டு எதிரிகள். ஒன்று கரண்ட், இன்னொன்று விசேஷ வீட்டுக்காரர்கள் எழுதி நீட்டுகிற பேர். போன கரண்ட் திரும்பி வரும். இந்தப் பேர்களுக்கு விமோசனமே கிடையாது. ரெண்டாயிரம் பிறந்தாலும் பிறந்தது, பெண்பிள்ளைகளுக்கு வைக்கிற பேரெல்லாம் ஸ்பீக்கர் குழாயில் சொன்னால் நமுத்துப்போன கம்பி மத்தாப்பு மாதிரி 'உஸ்'ஸென்றுதான் வருகிறது. தங்கச்சி பேத்தியின் பேர் வாயில் நுழையாமல் "பாப்பா, பாப்பா" என்றே காலம் தள்ளுகிற உங்களுக்கு என் பாடு தெரியும்.

பழைய பேர் அப்படியா? வெம்பக்கோட்டையில் ஒருநாள் மைக் பேசுகிறதா என்று பார்க்க "பொன்னுத்தாயீ" என்று ஒரு குரல் விட்டேன். அணைக்கு அக்கரையில் களை பறித்துக்கொண்டிருந்த பெண்கள் பாதிப்பேர் நிமிர்ந்து "என்னா?" என்றார்கள். நம்பாதவர்கள் அணையைக் கேட்டுக்கொள்ளலாம்.

காதுகுத்து

விஸ்வநத்தத்தில் மாரீஸ்வரி வீட்டுக் காதுகுத்து. பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னுகிற பெண் அவள். பிள்ளைக்கு ஒரு வயசு. புருஷன் வீட்டு வழக்கப்படி பொன்னுத்தாய் என்று பேர் விட்டிருந்தார்கள். வீட்டில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள், மாரீஸ்வரி உட்பட. பத்திரிகையில் மட்டும் ஹர்ஷிகா. நான் "செல்வி பொன்னுத்தாய்க்கு" என்று ஆரம்பித்ததுதான் தாமதம், ஓடி வந்து மைக்கைப் பொத்தினாள்.

"வீட்டுல கூப்பிடுற பேரை ஊருக்குச் சொன்னா, குத்துன காது தூந்துபோயிருமா?" என்று கேட்டேன். எனக்கு வந்ததைவிட அவளுக்குத்தான் அதிகக் கோபம் வந்தது. "எங்க கம்பெனில பொன்னுத்தாயி, மாடத்தி, காளியம்மானு பேரு இருக்கவ பூராம் பெட்டி சுமக்கிறா, பெரியப்பா. ஃபேனுக்கு அடியில உக்காந்து பில்லுப் போடுற பிள்ளைக பேரு வேற. எம்பிள்ள சுமக்கக் கூடாது. இன்னொருக்கா அந்தப் பேரு குழாயில வந்துச்சு, வயரை அத்துப்புடுவேன்."

முதலாளி வீட்டுத் தொட்டில்

மூணு வருஷம் போயிருக்கும். அதே கம்பெனி முதலாளியின் மகன் சென்னையில் இருந்தான். அவன் பிள்ளைக்குப் பேர் வைக்கிற விசேஷம் சிவகாசி வீட்டில். சீசன் இல்லாத நேரம் என்பதால் கம்பெனிப் பெண்களைப் பந்தி வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். மாரீஸ்வரி எச்சில் இலை எடுத்துக்கொண்டிருந்தாள். முதலாளியம்மா பேத்தி பேரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். பிரித்தேன். பொன்னுத்தாய். "அண்டா கழுவுறவங்க பேரை மாத்திக் குடுத்துட்டீகளாம்மா?" என்று கேட்டேன். வேண்டுமென்றேதான் கேட்டேன்.

அவர் சிரித்தார். "யாருகிட்டயும் இல்லாத பேரா வேணும்னு மருமக கம்ப்யூட்டர்ல தேடித் தேடி எடுத்தா. கேக்கவே எம்புட்டு ஃப்ரெஷ்ஷா இருக்குல்ல?" என்றார். மைக்கில் சொன்னேன். கூடத்தில் இருந்த பட்டுச்சேலைகள் அத்தனையும் உருகின. கொல்லையில் அசல் பொன்னுத்தாய்கள் ரெண்டு பேர் அண்டாவில் கரி துடைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்து யாரும் உருகியதாகத் தெரியவில்லை. மாரீஸ்வரி இலைக்கூடையோடு என்னைத் தாண்டிப் போனவள் நின்றாள். "அவக வச்சா புதுசு. நாங்க வச்சா பெட்டி சுமக்கிற பேரு. நீங்க பாட்டைப் போடுங்க பெரியப்பா."

பொங்கல் கூட்டம்

அடுத்து வந்த அம்மன் கோவில் பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகரில் நம்ம செட்டுதான். காணாமல் போன பிள்ளைகளை மைக்கில் கூப்பிடுவதும் நம் தலையில். மாரீஸ்வரி மூச்சு வாங்க ஓடி வந்தாள். வளையல் கடையில் கையை விட்ட பிள்ளையைக் காணோம். மஞ்சள் கவுன், நாலு வயசு. அந்தப் பதற்றத்திலும் சொல்கிறாள்: "ஹர்ஷிகான்னே சொல்லுங்க. கம்பெனி ஆளுக பூராம் இங்கனதான் நிக்கிறாக."

சொன்னேன். தொண்டை கட்டுகிற வரைக்கும் சொன்னேன். ராட்டினக்காரன்கூட ராட்டினத்தை நிறுத்திவிட்டுக் கேட்டான். பிள்ளை வரவில்லை. அவள் கண் தெப்பக்குளத்துப் பக்கமே போய்ப் போய் வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. "ஏம்மா, அந்தப் பேரு உம்பிள்ளைக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். "பள்ளிக்கூடத்துல சேக்கும்போது சொல்லிக் குடுக்கலாம்னு இருந்தேன்" என்றாள். வந்த ஆத்திரத்துக்கு மைக்கைத் தூக்கி அவள் தலையில் போட்டிருக்க வேண்டும். கையில் கொடுத்தேன்.

கூட்டத்தில் நின்ற கம்பெனி ஆட்களை ஒருதரம் பார்த்தாள். தெப்பக்குளத்தை ஒருதரம் பார்த்தாள். அப்புறம் "ஏ பொன்னுத்தாயீ" என்று விட்டாள் பாருங்கள் ஒரு குரல், குழாய் கட்டியிருந்த கம்பு ஆடியது, குளத்து மீனெல்லாம் படியேறிவிட்டது. கூட்டத்தில் அங்கங்கே வயசான தலைகள் திரும்பின. எங்கள் மேடைக்கு எதிரே இருந்த பஞ்சுமிட்டாய் வண்டிக்கு அடியிலிருந்து மஞ்சள் கவுன் ஒன்று ஊர்ந்து வந்தது. மாரீஸ்வரி முதுகில் ஒன்று வைத்தாள், பிறகு கட்டிக்கொண்டு அழுதாள். "இம்புட்டு நேரம் கூப்பிடுறோம், அங்கன என்னடி செஞ்ச?" பிள்ளை அவள் கண்ணைத் துடைத்துவிட்டுச் சொன்னது: "யாரோ ஹர்ஷிகாவாம்மா, அவளைக் காணமாம். பாவம்ல, நானும் அவளத்தான் தேடிக்கிட்டு இருந்தேன்."

பழைய பேர் புதுசாகுமா என்று கேட்கிறவர்களுக்கு நான் கண்ட வழி ரெண்டு, பணக்காரத் தொட்டிலில் போட்டாலும் ஆகும், பிள்ளையைத் தொலைத்துவிட்டுக் கூப்பிட்டாலும் ஆகும், ரெண்டாவதுக்கு மட்டும் நான் மைக் வாடகை வாங்குவதில்லை.